தேய்ந்த பற்களும் பிராரப்தமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைச்சாலை வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்ற பழைய ஜீப்புகளின் பின் அச்சிலிருந்து ஓயாமல் எழும் ஊளையைக் கேட்டவர்கள், பிராரப்தம் என்பது யாது என்று விசாரிக்க ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. கர்மத்தை, சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் பலன் தரும் பிராரப்தம், இனி ஈட்டும் ஆகாமியம் என மூன்றாக வகுத்த நம் பெரியோர், முதலாவது குருவருளால் தீரும் என்றும், மூன்றாவது ஞானம் பெற்றவனைப் பற்றாது என்றும் சொல்லி, பிராரப்தத்தை மட்டும் இந்த உடம்பு உள்ளவரையில் அனுபவித்தே கழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படியானால் மனித முயற்சிக்கு அங்கே என்ன வேலை? விடையை அந்த ஊளை எழும் டிஃப்ரன்ஷியலிலேயே தேடலாம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டிஃப்ரன்ஷியல் முன்னும் பின்னுமாக இரண்டு உண்டு. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் அதனுள் பினியன் என்ற சிறு பற்சக்கரத்துக்கு 8 பல், அது சுழற்றும் கிரவுன் வீலுக்கு 43 பல் என்ற அமைப்பைக் காணலாம். இவ்விரண்டு எண்களுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லாமையால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்தித்தே தீரும். ஆகவே தேய்வு எல்லாப் பற்களிலும் பரவிக் கிடக்குமேயன்றி, இந்தப் பல்தான் குற்றவாளி என்று ஒன்றைச் சுட்ட இயலாது. ஜோடியாகவே உராய்த்து இணக்கப்பட்டவை ஆதலால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் கூடாது. மிதிக்கும்போது ஊளையிட்டுக் காலை எடுத்ததும் ஸ்வரம் மாறினால் கிரவுன் பினியன் என்றும், இரண்டிலும் ஒரே உறுமலானால் பெரும்பாலும் பேரிங் என்றும் பழகிய மெக்கானிக் காதாலேயே நிதானித்துவிடுவார்.

பற்களுக்கிடையே ப்ளே அதிகமாகிவிட்டதே என்று ஷிம் தகட்டை மாற்றி அவற்றை நெருக்கினாலோ, அவை நெடுங்காலம் ஓடிப் பதிந்த தடத்தை விட்டு வேறிடத்தில் பொருதத் தொடங்கி, ஊளை முன்னிலும் உரக்கக் கேட்பதுண்டு. தேய்ந்த உலோகத்தைத் திரும்பக் கொணரும் சாதனம் எந்தப் பட்டறையிலும் இல்லை. ஆனால் கருத்த எண்ணெயை வடித்து, அதிலுள்ள இரும்புத் துகளைப் பரிசோதித்து, புதிய கியர் ஆயிலை ஊற்றி, ஆட்டங்கண்ட பேரிங்கைக் காலத்தில் மாற்றினால், பல் முறிந்து ஹவுசிங்கையே உடைக்கும் நாள் தள்ளிப்போகிறது. நேர்ந்துவிட்ட தேய்வு பிராரப்தம், நேரவிருப்பது ஆகாமியம், நம் கை எட்டுவது பின்னதற்கே. (உவமானம் இதற்குமேல் ஓடாது, ஜடமான கர்மம் தானாக வந்து கர்த்தாவைச் சேராது, ஈசுவரனே சேர்ப்பிக்க வேண்டும் என்று சைவ சித்தாந்தி சொல்வதற்கு இரும்பில் சமானம் இல்லை.)

ஆகையால், எண்ணெய் மட்டத்தைக் குறையாமல் காத்துக்கொண்டு, ஊளையைச் சகித்து வண்டியோட்டுகிறவனை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். வைராக்கியத்தில் அதுவும் ஒரு வகை. நான் மன்னிக்க விரும்பாதது வேறொன்று. கெட்டி எண்ணெயில் மரத்தூளைக் கலந்து ஊற்றிச் சப்தத்தைச் சில நாள் அமுக்கி, அந்த நாளுக்குள் வண்டியை விற்றுவிடும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. அது சகிப்பும் அன்று, முயற்சியும் அன்று. தான் அனுபவிக்க வேண்டியதை அறியாத ஒருவன் தலையில் ஏற்றி, தனக்குப் புதிதாக ஆகாமியத்தைச் சம்பாதித்துக்கொள்வதாகும். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசுமுன் டிரெயின் பிளக்கைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் வடித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் விலையைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.