கிண்ணத்திற் செதுக்கிய விசுவாசம்

விசுவாசம் உள்ளத்தில் இருந்தாற் போதுமா, அன்றிச் செயலாக வெளிப்படல் வேண்டுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவின் சில மதுக்கிண்ணங்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

1688ஆம் ஆண்டுப் புரட்சியில் முடியிழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் வழியினரே உரிமையுடைய அரசர் எனக் கொண்டோர் யாக்கோபியர் எனப்பட்டனர். அம்மன்னனின் பேரனான சாள்ஸ் எட்வேட் 1745இல் ஸ்கொத்லாந்திற் படைதிரட்டி, 1746 ஏப்பிரலில் கலொடன் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டான். அவனது முகம் கிண்ணங்களிற் செதுக்கப்பட்டது. சுழலும் சிறு செப்புச் சில்லில் எண்ணெயும் உராய்பொடியும் இட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பதே அக்கலையின் முறை. தேய்ந்த இடம் ஒளியைச் சிதறச் செய்து வெண்மையாகத் தோன்றும். வழுவித் தேய்த்த கோட்டை அழித்து மீளவரைதல் இயலாது. சில கிண்ணங்களில் அவன் மலைநாட்டார் உடையிற் காணப்படுகின்றான். ஸ்கொத்லாந்தில் ஆடவர் அவ்வுடையை அணிவதை 1746ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1782 வரை அத்தடை நீடித்தது.

வெளியே சொல்லவியலாத பற்றினை நம்பிக்கைக்குரியார் நடுவே இக்கிண்ணம் காத்துவைத்தது. தோற்றவர்க்கு நினைவு ஒன்றே எஞ்சுமாயின், அதனைக் காத்தலும் ஓர் அறமே எனலாம்.

ஆயின் இதற்கு மறுபக்கமும் உண்டு. வட வேல்சில் 1710இல் தோன்றிய 'சைக்கிள்' கழகத்தார் நாடிழந்த அரச குடும்பத்தின் பெயரால் மது அருந்தி வந்தனர். 1745 டிசம்பரில் இளவரசனின் படை இலண்டனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டாபி நகரை அடைந்தது. கழகத் தலைவரான சேர் வொட்கின் வில்லியம்ஸ் வின் அப்படையிற் சேர்ந்தாரல்லர். இங்கிலாந்தின் ஆதரவாளரிற் பெரும்பாலோரும் அசையவில்லை. படை திரும்பிச் சென்றது.

அவர்கள் பொய்யர் என்று ஒதுக்குவது எளிது. தோற்பின் உயிரும் உடைமையும் இழக்க நேரும் என்பதை அவர்கள் அறிவர். குடும்பத்தைக் காத்தலும் கடமையே. அவர்தம் அச்சத்தைக் குறைகூறுதல் முறையன்று. ஆராயத்தக்கது, ஆண்டுதோறும் உயர்த்திய கிண்ணம் அவர்கள் மனத்தில் ஆற்றிய பணியேயாகும். கடமையை நினைவூட்டுவதற்கு ஏற்பட்ட சடங்கு, கடமை நிறைவேறிவிட்டது என்னும் நிறைவைத் தருமாயின், அது விசுவாசத்தை வளர்ப்பதற்கு மாறாக அதன் இடத்தைத் தானே கவர்ந்துகொள்கின்றது.

ஆகவே, தோல்விக்குப்பின் எஞ்சியோர் உயர்த்திய கிண்ணமும், அழைப்பு வந்தபோது வீட்டில் இருந்தோர் உயர்த்திய கிண்ணமும் அறத்தின்முன் ஒன்றாகா. கண்ணாடியிலுள்ள முகம் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டாது. அவ்வேறுபாட்டை அறியக்கூடியவர் கிண்ணத்தை ஏந்தியவரே. அதனை அவர் தம்மிடம் மறையாது கேட்டுக்கொள்வதே விசுவாசத்தின் முதற்படி.