நாக்கு மடியும் இடம்

இளம்பிள்ளையில் விடியலே தறிச் சத்தத்தோடுதான். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி தடதடக்க, இந்தப் பக்கம் அம்மாயி விளக்கேற்றி வைத்துச் சிவபுராணம் சொல்வார். எட்டு வயதில் நானும் கூடவே உட்கார்ந்து சொல்வேன். ‘வாழ்க’ என்று வருமிடமெல்லாம் என் வாயில் ‘வாள்க’ என்றே வரும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று கேட்டு வாங்கிப் பழகிய நாக்கு. கடையில் அது செல்லும், அம்மாயியிடம் செல்லாது.

“வாளு வெட்டும் சாமி. வாழுன்னு சொல்லு. நாக்க மடி, மேல ஒட்டாத.”

என் தாடையைப் பிடித்துக்கொண்டு தன் வாயைத் திறந்து காட்டுவார். வெற்றிலைச் சிவப்பேறிய நாக்கு மேலே வளைந்து, தொடப் போவதுபோல் போய், தொடாமல் நிற்கும். நுனிநாக்கு நிமிர்ந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதைப் பிற்பாடுதான் படித்தேன். அம்மாயி பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்ல.

யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ‘ஷெமா’ ஜெபத்தைப் பற்றிப் படித்தபோது அந்தத் தாடைப் பிடி நினைவுக்கு வந்தது. இறைவன் ஒருவனே என்று அறிவிக்கும் ஜெபம் அது. அதில் வரும் ‘ஒன்று’ என்ற எபிரேயச் சொல்லின் கடைசி எழுத்து தாலெத். அதே போலத் தோற்றமளிக்கும் ரேஷ் அந்த இடத்தில் வந்துவிட்டால் ‘வேறொன்று’ என்று பொருளே புரண்டுவிடும். அதனால் அவர்களுடைய மறைநூலான தோராவின் சுருளில் அந்த தாலெத்தைப் பெரிதாகவே எழுதுகிறார்கள். அதே ஜெபத்தில் ‘நினைவில் கொள்வீர்கள்’ என்ற சொல்லில் வரும் ஓர் ஒலியை வண்டின் ரீங்காரம்போல் அதிரவிட வேண்டும். வெறும் ‘ஸ்’ என்று விட்டால் ‘கூலி பெறுவீர்கள்’ என்று கேட்கும். அன்புக்காகச் சொல்வது கூலிக்காகச் சொன்னதாகிவிடக் கூடாது என்று ஓர் ஒலிக்குக் காவல் போட்டிருக்கிறார்கள்! எழுத்துக்களைக் கவனித்து ஷெமா சொல்பவருக்கு நரகத்தின் நெருப்பே குளிரும் என்கிறது அவர்களின் மரபு நூலான தால்முத்.

அப்படியானால் எழுத்து பிசகியவரின் ஜெபம்? சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இந்தக் கேள்வி வருகிறது. செல்லாது என்கிறார் ரபி யெஹூதா. செல்லும் என்கிறார் ரபி யோசே. நிலைத்தது யோசேயின் தீர்ப்பு. எபிரேய மறைநூல்களில் ஒன்றான பாடல்களின் பாடலுக்கு எழுந்த பழைய உரையொன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத்தறியாதவன் ஒருவன் ‘அன்பு செய்’ என்ற சொல்லை ‘பகை கொள்’ என்று பிசகிப் படிக்கிறான். அந்தப் பிசகும் எனக்கு அன்புதான் என்கிறாராம் கடவுள். இவ்வளவு கண்டிப்பையும் இவ்வளவு கனிவையும் ஒரே மரபு காத்து வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டின் கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்டாததால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று ஊரார் அழைத்தார்கள். எபிரேய மொழியும் மற்ற ஜெபங்களும் மறந்துபோன தலைமுறைகளிலும் ஷெமா மட்டும் வாயில் தங்கியது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. புத்தகமில்லாத அந்த வீடுகளிலும் யாரோ ஒரு பாட்டி பேரனின் தாடையைப் பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி வருஷம் அம்மாயிக்கு வாதம் இழுத்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. விளக்கை நான் ஏற்றுவேன், அவர் படுத்தபடியே சொல்வார். ழவும் வராது, ளவும் வராது. ‘வா’வுக்கும் ‘க’வுக்கும் நடுவில் வெறும் காற்றுதான் வரும். சட்டென நிறுத்தி, கண்ணை இறுக மூடி, நாக்கை மறுபடி மடிக்கப் பார்ப்பார். நான் அவர் தாடையைத் துடைத்துவிட்டு, அடுத்த அடிக்குக் காத்திருப்பேன்.