காக்கா ஏன் நடந்து போனது?

மே மாதம் வந்தால் நம் வீடுகளில் இரண்டு கவலை. ஒன்று, தண்ணீர். இன்னொன்று, லீவில் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? போன வருஷம் என் ஒன்பது வயது மகளைப் பத்து நாள் கதை, நாடக முகாமில் சேர்த்தேன். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 'கட்டின ஃபீஸுக்கு என்ன வந்தது?' என்று தினமும் சாயங்காலம் கணக்குப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பயிற்சி. இரண்டு சீட்டு எடுத்து, அதில் இருக்கும் இரண்டு வார்த்தைகளை வைத்துக் கதை எழுத வேண்டும். இத்தாலியப் பத்திரிகையாளரும் சிறுவர் எழுத்தாளருமான ஜானி ரோடாரி 1973-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கிய விளையாட்டு இது. அவர் சொல்லும் உதாரணம் நாய், அலமாரி. ஒட்டாத வார்த்தைகளாக இருந்தால்தான் கற்பனைக்கு வேலை!

என் மகளுக்கு வந்தவை காக்கா, குடை. நாலே வரி எழுதியிருந்தாள். காக்கா குடை வாங்கியது. மழை வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பறக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு நடந்தே போனது.

'அவ்வளவுதானா?' என்றேன். நமக்குத்தான் எழுத வருமே! காக்காவை வழியில் நிறுத்தி, நனைந்த குருவிக்குக் குடையைக் கொடுக்க வைத்தேன். கருணை, நீதி எல்லாம் வந்துவிட்டது. கடைசி நாள் பெற்றோர் முன்னால் அதையே நாடகமாகப் போட்டார்கள். பலத்த கைதட்டல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "அப்பா, என் காக்கா எப்ப வீட்டுக்குப் போகும்?"

பதில் சொல்ல வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் பணத்தை நம் கணக்கில் வரவு வைத்தால் அது மோசடி. பிள்ளையின் கதையில் நம் நீதியை நுழைத்து, அவள் பெயரில் கைதட்டல் வாங்கினால் அதற்குப் பெயர் 'உதவி'. இது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் திருத்தவே கூடாதா? திருத்தலாம். 'ள', 'ழ' மாறியிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை எல்லாருக்கும் பொது. ஆனால் காக்கா எங்கே போகணும் என்பது அவள் முடிவு. அது நமக்கு அசட்டுத்தனமாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டுமே! தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்பதை இங்கே பழகாவிட்டால், பிள்ளை வேறு எங்கே பழகும்?

இந்த வருஷமும் அதே முகாமுக்குப் போகிறாள். ஆனால், எழுதுவதை என்னிடம் காட்டுவதில்லை. நான் கேட்பதும் இல்லை.

பென்சில் சீவித் தரச் சொன்னால் மட்டும் தருகிறேன்.