மூன்று ஆடையும் ஐந்நூறு ஆடையும்



நம் பெங்களூர் உபாசகர் இல்லங்களில் இந்நாளில் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. இளைஞர் சிலர், "இருக்கும் உடையே போதும், திருமணத்திற்கென்று புதிது வேண்டா, கிழிந்ததைத் தைத்து உடுத்துவோம்" என்கின்றனர். பெற்றோரோ, "நாலு பேர் நம்மை இல்லாதவர் என்று எண்ணமாட்டார்களா?" என்று மனம் நோகின்றனர். இரு சாராரும் என்னிடம் நியாயம் கேட்கின்றனர். பல ஆண்டுகள் ஆலையில் தறியின் முன் நின்று பிழைத்தவன் நான். துணியைப்பற்றிச் சிறிது அறிவேன். தம்மத்தின் துணைகொண்டு இவ்வழக்கை ஆராய்வோம்.

முதலில் பெற்றோரின் நோவைக் கேட்போம். அது வெறும் ஆடம்பர ஆசையன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிய 1859-ஆம் ஆண்டில் அரசாணை ஒன்று பிறக்கவேண்டியிருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில், ஆதி திராவிட ஆடவர் முழங்காலுக்குக் கீழ் உடுத்தலாகாது, பெண்டிர் மேலுடம்பை மறைத்தலாகாது என்று ஆதிக்கச் சாதியார் தடை விதித்தனர். ஆகவேதான் பாபாசாகேப் அம்பேத்கர், 1927 டிசம்பரில் மகாடு நகரில் கூடிய பெண்களிடம், சாதி அடையாளம் காட்டும் உடுப்பு முறையை விட்டொழித்துத் தூய்மையாக உடுத்துமாறு அறிவுரை கூறினார். நல்ல ஆடை நமக்கு எளிதில் வந்ததன்று. இதனை அறியாத இளைஞர் எளிமை பேசுதல் தகாது.

ஆயினும் பகவன் புத்தர் இதுபற்றிக் காட்டிய வழி யாது? இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், பிக்குகள் சிலர் துணி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வரக் கண்டார் பெருமான். ஆடைக்கு ஓர் எல்லை வேண்டுமென்று எண்ணினார். எல்லையை வாயால் விதித்துவிடவில்லை. தம் உடலிலேயே சோதித்தார். பனி கொட்டும் குளிரிரவில் ஓர் ஆடையுடன் திறந்த வெளியில் அமர்ந்தார். முதற்சாமம் கழிந்தபோது குளிர்ந்தது. இரண்டாவது ஆடையைப் போர்த்தார். நடுச்சாமம் கழிந்ததும் மூன்றாவது. விடியும் வேளையில் நான்காவது. பின்னர், இரட்டை மடிப்பான போர்வை ஒன்று, மேலாடை ஒன்று, அரையாடை ஒன்று என மூன்றை அனுமதித்தார். ஆடையே வேண்டா என்று நிர்வாணமாகத் திரிய விரும்பியோரையும் அவர் தடுத்தார். குளிரில் நடுங்குதலும் மூட்டை சுமத்தலும் ஆகிய இரண்டிற்கும் நடுவே அமைந்த அளவு இது.

கோசாம்பியில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். உதேன மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமளித்தனர். "இத்தனையும் எதற்கு? துணிக்கடை வைக்கப் போகின்றீரோ?" என மன்னன் வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்வதாக ஆனந்தர் கூறினார். நைந்தவை என்னாகும்? மேல்விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும், அவ்வுறை தரைவிரிப்பாகும், பின்னர் கால்மிதியாகும், அதன்பின் தூசு துடைக்கும் துணியாகும், இறுதியில் நறுக்கிச் சேற்றுடன் பிசைந்து தரை மெழுகப் பயன்படும். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான். ஒரு நூலையும் வீணாக்காதவரிடம் ஆயிரம் ஆடை இருப்பினும் குற்றமில்லை.

இனி நம் நகரைப் பாருங்கள். மல்லேசுவரத்தில் ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று பெரும் அங்காடி மாளிகை நிற்கின்றது. நெய்த இடம் விற்கும் இடமாயிற்று. அங்கே மலிவு விலை கண்டு மகிழ்கின்றோம். "இஃது இருத்தலால் அஃது உண்டாகின்றது" என்னும் தம்ம நியதியை அப்போது மறக்கின்றோம். பருத்திச் சட்டை ஒன்றிற்கு வயல் முதல் சாயம் வரை சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகும் என்று கணக்கிடுகின்றனர். காவிரி நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் குடிக்கும் ஊர் நம்முடையது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா நகருக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முந்தைய நாளே விரிசல் கண்டும் தையல் தொழிலாளரை உள்ளே அனுப்பினர். நாம் குறைவாகக் கொடுத்த விலையை வேறொருவர் தம் உயிரால் செலுத்துகின்றார்.

"நாம் வாங்காவிடில் பீனியாவிலும் மைசூர் சாலையிலும் தைக்கும் நம் பெண்களின் பிழைப்பு என்னாகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மணிக்கு இத்தனை உருப்படி என்று அவர்களை விரட்டுவது மலிவும் அவசரமுமே. நீடித்து உழைக்கும் ஆடைக்கு உரிய விலை கொடுப்போர் பெருகினால், கைத்தறிக்கும் தையற்காரருக்கும் பழுது பார்ப்போருக்கும் வேலை உண்டு. மேலும், 2016 ஏப்ரலில் வைப்பு நிதிக்காக அப்பெண்கள் பல்லாயிரவராய்ப் பெங்களூர்த் தெருவில் திரண்டனர். அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அத்தகைய நேரத்தில் அவர்கள் பக்கம் நிற்றலே நாம் செய்யும் உண்மையான உதவி.

ஆகவே இளைஞரே, உங்கள் வழி நல்வழி. 2015-இல் இந்நகரின் அஞ்சு மௌட்கல் கதம், ஆலி மாத்தன் என்னும் இரு மாதர், ஓராண்டில் நூறு முறை சேலை உடுத்துவோம் என உறுதி பூண்டனர். பெட்டியில் உறங்கிய பழஞ்சேலைகள் பல வீடுகளில் வெளிவந்தன. நீங்களும் தைத்து உடுத்துங்கள், நண்பருடன் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் தூய்மையாகவும் மிடுக்காகவும் உடுத்துங்கள். புதிது வாங்கும் அண்டை வீட்டாரை இகழாதீர்கள். எளிமையால் வரும் செருக்கும் செருக்கே.

பெற்றோரே, அன்று கந்தல் பிறரால் திணிக்கப்பட்டது. இன்று உங்கள் பிள்ளை தானே தேர்ந்து அளவோடு நிற்கின்றான். தடுக்க எவனுமில்லாத இடத்தில் தானாகப் போதும் என்பவன் அடிமையல்லன். அவன் மீண்டும் அதே சட்டையில் வந்தால் வெட்கமுறாதீர்கள். மிகுந்த உடை இருப்பின், நைந்து போகுமுன் இல்லாதவர்க்கு அளியுங்கள். கந்தலைக் கழிப்பது தானமாகாது.

இன்றிரவு ஒவ்வொருவரும் தம் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். குளிருக்கு எத்தனை, மானத்திற்கு எத்தனை, பிறர் கண்ணுக்கு எத்தனை என்று பிரித்து வையுங்கள். மூன்றாம் குவியலைக் குறைப்பதிலிருந்து தொடங்குவோம்.

சாது! சாது! சாது!