கவலை சூழ்ந்த உள்ளமும் கடைக் கணக்கும்

 

கேமரன் மலையில் தேயிலைக் குன்றுகளுக்கு நடுவே, ரிங்லெட் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றோரம் அமைந்த ஊர் லெம்பா பெர்த்தாம். 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவுக்குப் பின், கனமழையால் நிரம்பிய அந்த சுல்தான் அபூபக்கர் அணை திறக்கப்பட்டது. வெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது. வெள்ளம் வடிந்துவிடும், அடுத்த மழையைப் பற்றிய கவலையோ எளிதில் வடியாது. கடனாலும் வாடகைப் பாக்கியாலும் நமக்கு வரும் கவலையும் அத்தகையதே.

நீங்காத கவலை மூளையை என்ன செய்கிறது? எதிர்பார்த்ததைவிடப் பலன் கூடினால், டோபமின் என்னும் இரசாயனப் பொருள் மூளையில் அதிகம் சுரக்கிறது; பலன் குறைந்தால் அதுவும் குறைகிறது. லாப நஷ்டத்தைப் பதிந்து, அடுத்து என்ன செய்வதென்று கற்றுத்தரும் கணக்குப்பிள்ளை இதுவே.

2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்ச்சுக்கல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை மூன்று வாரங்கள் ஓயாத நெருக்கடியில் வைத்தனர். பிறகு அந்த எலிகள், வயிறு நிறைந்த பின்னும், அதே தீனிக்காக நெம்புகோலை வழக்கம்போல் அழுத்தின. பலனை எண்ணிச் செயல்படும் மூளைப் பகுதி சுருங்கி, பழக்கத்தை நடத்தும் பகுதி வளர்ந்திருந்தது.

விற்காத சரக்கையே மீண்டும் கொள்முதல் செய்யும் கடைக்காரரை நாம் கண்டதில்லையா? அவரை அறிவிலி என்று நகைப்பது முறையன்று. கவலை அவருடைய கணக்குப்பிள்ளையின் கண்ணைக் கட்டியிருக்கலாம்.

ஆயினும் நிராசை வேண்டாம். பெரும் பரீட்சைக்காக நெடுநாள் உழைத்த மாணவர்களிடமும் இதே மாற்றம் காணப்பட்டது. ஓய்வு கிடைத்த சில வாரங்களில் அவர்கள் தெளிந்தனர் என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கோபமுற்றிருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உள்ளம் கலங்கியிருக்கும் வியாபாரியும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். பெரிய கொள்முதலையும் புதுக் கடனையும் கவலை மிகுந்த இரவில் தனித்து முடிவு செய்யாதிருப்போம். உறங்கி எழுந்து, சுபுஹுத் தொழுகைக்குப் பின், நம்பிக்கைக்குரிய ஒருவருடன் பேரேட்டைத் திறந்து மஷூரா செய்வோம்.

நம்மிடம் கடன்பட்டவர் தத்தளித்தால் அவகாசம் அளிக்குமாறு திருமறை பணிக்கிறது. அந்த அவகாசத்தில்தான் அவருடைய சிந்தனையும் தெளியும். நம் பாக்கி வசூலாகவும் வழி பிறக்கும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியையும் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.