அந்தப் பழமொழியில் இல்லாத ஆள்

'பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி.' இதைச் சொல்லாத கல்யாண வீடு உண்டா? சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கேட்டவர்களும் தலையாட்டுவார்கள், பெண்கள் உட்பட. துளி ஆதாரமில்லாமல் இத்தனை காலம் செல்லுபடியான வேறொரு குற்றச்சாட்டை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பட்டர்வொர்த்தில் டிரையத்லானுக்குத் தயாராகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில். வேலைக்குப் போகிறவளுக்குப் பயிற்சிக்கு வாய்ப்பது அதிகாலை மட்டும்தான். ஆனால் இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எட்டிப்பார்க்கும்; பிப்ரவரியில் ஏழரைகூட ஆகிவிடும். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள்; அதிலிருந்து நம் விடியற்காலை இன்னும் அரை மணி இருட்டு. ஐந்தரைக்குச் சைக்கிளை எடுப்பவள் பிறைத் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளோடும் ஷிஃப்ட் பஸ்களோடும்தான் சாலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. தீவுப் பக்கம் ஓட்ட ஆசைப்பட்டால் ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும்.

தனியாகப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால்தான் இன்னொருத்தி வருகிறாள். முன்னால் போகிறவள் எதிர்காற்றை வாங்கிக்கொள்கிறாள். அவள் பின்சக்கரத்தை ஒட்டி வருபவளுக்கு மிதி லேசாகிறது. சற்று நேரத்தில் இடம் மாறிக்கொள்கிறார்கள். குழி வந்தால் முன்னவள் ஒரு கையை இறக்கி விரலால் காட்டுவாள். பின்னவளுக்குச் சாலை தெரியாது, தோழியின் முதுகுதான் தெரியும். அந்த விரலை நம்பித்தான் வண்டியைத் திருப்புகிறாள். எதிரியின் விரலை நம்பி இருட்டில் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா?

புறப்படும்போது அம்மா நெற்றியில் திருநீறு பூசி அனுப்பட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. பின்னால் வரும் லாரிக்காரரின் கண்ணில் படப்போவது சீட்டுக்கு அடியில் எரியும் சிவப்பு விளக்கு.

'பெண் உடம்பு தாங்குமா?' என்று ஒரு கரிசனம் உடனே கிளம்பும். தைப்பூசத்தன்று தலையில் பால்குடத்தோடு, வெறுங்காலோடு, தார் ரோட்டில் நடந்து, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறுகிறாளே, அன்றைக்கு இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது? கணவனுக்காக, பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு நடந்தால் பக்தை. அதே கால்களால் தனக்காக ஓடினால் அடங்காதவள். ஆக, உடம்பு தாங்குமா என்பதா உங்கள் கேள்வி? யாருக்காகத் தாங்குகிறாள் என்பதுதானே?

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடித்தவர்கள் களைத்துப்போனதைப் பார்த்துப் பத்திரிகைகள் கூச்சலிட்டன. அடுத்து அந்த ஓட்டம் அவர்களுக்குக் கிடைத்தது 1960-இல். அந்த முப்பத்திரண்டு வருடத்தைத் தின்றது பெண்களா?

பெண்களுக்குள் பொறாமையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, தாராளமாக உண்டு. பந்தய நாளில் ஒருத்தியை ஒருத்தி முந்தத்தான் பார்ப்பாள், பார்க்கவும் வேண்டும். 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்ட டிரையத்லான் போட்டியில் பிரிட்டனின் ஜெஸ் லியர்மன்த்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் கைகோத்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக முடிக்கக் கூடாது என்பது விதி. இருவரையும் நீக்கி, பின்னால் வந்த பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். எனக்கு அந்த விதியோடு சண்டையில்லை. பந்தயம் என்றால் யார் முந்தினார் என்று தெரிந்தாக வேண்டும். 2021-இல் அதே டோக்கியோவில், கலப்புத் தொடர் போட்டியில், அந்த இருவரும் ஒரே அணியில் தங்கம் வாங்கினார்கள். முந்தப் பார்ப்பது பகையென்றால் இதை எதில் சேர்ப்பீர்கள்? பங்காளிச் சண்டையில் கோர்ட்டுப் படி தேய்கிறது. அதைப் பார்த்து 'ஆம்பளைக்கு ஆம்பளைதான் எதிரி' என்று எந்தத் தாத்தாவாவது சொன்னாரா?

சரி, மாமியார் முணுமுணுக்கிறாரே? முணுமுணுக்காமல் என்ன செய்வார்? மருமகள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் பேரனை எழுப்புவது, பால் கலக்குவது, எல்லாரையும் பசியாற வைப்பது அத்தனையும் அவர் தலையில். ஒரு முறை பிள்ளை வளர்த்து முடித்தவருக்கு அறுபது வயதில் இரண்டாவது சுற்று. அவர் கோபம் நியாயம். அது போய் விழும் இடம்தான் தவறு. அதே வீட்டில் ஓர் ஆண் ஏழு மணிவரை போர்வைக்குள் இருக்கிறார். பழமொழியில் அவர் வருவதே இல்லை. அவரை வரவிடாமல் வைத்திருப்பதுதான் அந்தப் பழமொழியின் வேலை.

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 'தோழிகள் ஒருவரையொருவர் எப்படித் தாங்குகிறார்கள் பாருங்கள், என்ன அழகு!' இவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். தோழியின் பிள்ளையையும் தன் பிள்ளையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள் ஒருத்தி. தன் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, புதிதாக வந்தவளோடு மெல்ல ஓடுகிறாள் இன்னொருத்தி. விளக்கில்லாத சந்தில் மூன்றாமவளை வீட்டு வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்புகிறாள் வேறொருத்தி. இதில் நட்பு எவ்வளவு, பிறர் கொடுக்காமல் விட்ட பாக்கி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தெருவிளக்கு வீட்டு வரி வாங்குகிறவர்களின் பொறுப்பு. பிள்ளை அதன் அப்பாவின் பொறுப்பு. கைதட்டுவதற்குச் செலவில்லை, அதனால்தான் இவ்வளவு கைதட்டல்.

ஆண் வாசகரே, உங்களைத்தான். வரும் ஞாயிறு உங்கள் மனைவி 40 கிலோமீட்டர் சைக்கிள் போகிறார் என்று வையுங்கள். பால்மாவு டின் எந்த அலமாரியில் இருக்கிறது? ஒரு புட்டிக்கு எத்தனை கரண்டி? உங்கள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை பசியாறுவதற்கு முன்பா, பிறகா? மனைவிக்குப் போன் போடாமல் சொல்லுங்கள்.