உபயம்

ஐந்து வருடம் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நகைக்கடைக்காக, பேருந்து நிழற்குடைகளில் வைக்கும் விளம்பரத்துக்கு எட்டு வார்த்தையில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனேன். சீனியர் படித்துவிட்டுச் சிரித்தார். "எட்டு வார்த்தையெல்லாம் ஹோர்டிங்குக்குடா. பைக்ல போறவன் மூணு செகண்டுதான் பாப்பான். பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் எங்க போயிடப் போறான்? இருபது நிமிஷம் அவன் நம்மாளு. நாலு வரி எழுது."

தொழிலில் இதற்கு 'டுவெல் டைம்' என்று பெயர். ஒருவர் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்ற கணக்கு. நேரம் கூடினால் அந்த இடத்தின் மதிப்பும் கூடும். நான் நாலு வரி எழுதினேன்.

அதே காலத்தில் என் அம்மா தினமும் காலையில் மேடவாக்கம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே நிழற்குடை கிடையாது. ஒரு மின்கம்பம் மட்டும் உண்டு. கோடையில் அந்தக் கம்பத்தின் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஐந்தாறு பேர் கோடு போட்டதுபோல நிற்பார்களாம். ரேஷன் கடை வரிசை என்று நினைத்து ஒருத்தர் வந்து கடைசியில் நின்றுவிட்டார் என்று அம்மா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார்: "நீ எழுதுறியே, அந்த மாதிரி ஒண்ணு எங்க ஸ்டாப்புல வைக்கச் சொல்லேன். விளம்பரம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நிழல் வரும்ல?"

அலுவலகத்தில் விசாரித்தேன். "அந்த ரோட்டுல பேனல் போட்டா யாரு வாங்குவா?" என்று பதில் வந்தது.

நகரங்கள் நிழற்குடையில் விளம்பரத்தை அனுமதிக்கலாமா என்று எப்போது யோசித்தாலும், அம்மாவின் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில்தான் போய் நிற்கிறேன்.

இந்த ஏற்பாடு 1964இல் பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கியது. ழான் கிளோத் தெகோ என்பவர் நகராட்சியிடம் ஒரு யோசனையோடு போனார். நிழற்குடையை நான் கட்டித் தருகிறேன், பராமரிக்கிறேன், உங்களுக்குச் செலவில்லை, அதில் விளம்பரம் வைக்கும் உரிமை மட்டும் எனக்கு. இன்று உலகத்தின் பெரிய வெளிப்புற விளம்பர நிறுவனங்களில் ஒன்று அவர் தொடங்கியது. சென்னையில் நாம் பார்க்கும் பல நிழற்குடைகளும் இதே வழியில் வந்தவைதான். தனியார் தம் செலவில் கட்ட வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், பிறகு மாநகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். கெட்டிக்கார ஏற்பாடு. எத்தனையோ பேருக்கு இதனால் நிழல் கிடைத்திருக்கிறது. அதை மறுத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

விளம்பரத்தை விரட்டிய நகரங்களும் உண்டு. பிரேசிலின் சாவோ பாலோ 2006இல் 'தூய நகரம்' என்று ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டில் சுமார் 15,000 ஹோர்டிங்குகள் இறக்கப்பட்டன. ஆனால் சில ஆண்டுகளில் விளம்பரம் திரும்பி வந்தது. வந்த இடம் தெருக் கடிகாரங்களும் பேருந்து நிழற்குடைகளும். பிரான்சின் கிரனோபில் 2014இல் 326 விளம்பரப் பலகைகளை அகற்றி மரம் நடப்போவதாக அறிவித்தது. அங்கேயும் நிழற்குடை விளம்பரங்கள் வேறு ஒப்பந்தத்தின் கீழ் இருந்ததால் தப்பித்துக்கொண்டன.

கடைசியில் அது வந்து ஒதுங்கும் இடம் நிழற்குடைதான் என்பது தற்செயல் இல்லை. ஹோர்டிங்கைக் கழற்றினால் வானம் தெரியும், யாருக்கும் நஷ்டமில்லை. நிழற்குடை விளம்பரத்தைக் கழற்றச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அப்ப கூரைக்கு யார் காசு தருவா?" அம்மாவின் கேள்விதான் அது.

விளம்பரத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குப் போதவில்லை. அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே கடைப் பலகைகளையும் சினிமா போஸ்டர்களையும் பார்த்துத்தான். வெற்றுச் சுவர்தான் அழகு என்று என்னால் மனசாரச் சொல்ல முடியாது. ஆபத்து என்பார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, வண்டியில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகு பேனரைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் நிழற்குடைக்குள் கண்ணாடி போட்டு மாட்டிய பலகை வேறு. சொல்லப்போனால், இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பல நிறுத்தங்களில் அந்தப் பலகையின் வெளிச்சம்தான் துணை.

அப்படியென்றால் எனக்கு எது உறுத்துகிறது?

ஊர்க் கோயில்களில் டியூப்லைட் பார்த்திருப்பீர்கள். உபயதாரர் பெயர், அப்பா பெயர், ஊர், மளிகைக் கடை பெயர் என்று குழல் முழுக்கப் பெயிண்ட்டில் எழுதியிருக்கும். வெளிச்சம் வருவதற்கு இடம் இருக்காது. நம் எல்லாருக்கும் தெரிந்த நகைச்சுவை இது. ஆனாலும் அந்த உபயதாரர் விளக்கைச் சாமிக்காகத்தான் கொடுத்தார், பெயர் கூடவே ஒட்டிக்கொண்டது. பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களையும் நினைத்துக்கொள்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. சிலவற்றில் பெயர்கூட வெட்டியிருக்கும். சுமையோடு நடந்து வருபவர் இளைப்பாறும் இடத்தில்தான் கல் நிற்கும். யார் படிப்பார்கள் என்று பார்த்து நடப்பட்டதில்லை.

நிழற்குடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பெயருக்கு நல்ல இடம் எது என்று பார்த்து, அங்கே நிழல் விழுகிறது. வாங்கும் சக்தி உள்ளவர்கள் போகும் சாலைகளுக்கு எஃகுத் தூணும் இருக்கையும் வருகின்றன. அம்மாவின் நிறுத்தத்துக்கு மின்கம்பம். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்கு அப்படித்தான் போகும். அதிக நேரம் காத்திருக்கும் மனிதர்களே விளம்பரக் கணக்கில் மதிப்புக் குறைந்தவர்களாக இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. என் காத்திருப்பை ஒருவர் விலைக்கு விற்கலாம் என்றான பிறகு, அது குறைய வேண்டும் என்று அவர் ஏன் விரும்ப வேண்டும்? விளம்பரத்துக்காகப் பஸ்ஸைத் தாமதப்படுத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நகரம் தன் மக்களின் காத்திருப்பைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். அதிலிருந்து வருமானம் வர ஆரம்பித்தால் அந்த வெட்கம் மெல்லப் போய்விடும் என்றுதான் பயப்படுகிறேன்.

பேருந்து விஷயத்தில் நாம் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணம் பர்ஸைப் பார்த்து வரக் கூடாது என்பதுதான் அதன் பொருள் என்றால், பயணம் தொடங்குவது படிக்கட்டில் இல்லை, நிறுத்தத்தில். பஸ்ஸுக்கு ஒரு நியாயம், அதற்காக நிற்கும் நேரத்துக்கு இன்னொரு நியாயமா?

ஆகவே என் பதில்: அனுமதிக்கக் கூடாது. விளம்பரப் பணம் வேண்டுமென்றால் நகரம் அதை வேறு இடங்களில் வாங்கிப் பொதுக் கணக்கில் போடட்டும். எங்கே எத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று எண்ணி அந்த வரிசையில் கூரை போடட்டும். பலகை இருக்கும் இடத்தில் நிறுத்தத்தின் பெயரும், வரும் பஸ்களின் எண்களும், ஒரு விளக்கும் இருக்கட்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிப்பா. அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?"

அந்தக் கேள்விக்காக என் பதிலில் ஒரு திருத்தம் செய்துகொண்டேன். இருக்கும் பலகையை நாளைக்கே கழற்றச் சொல்ல மாட்டேன். முதலில் கூரையும் விளக்கும், அப்புறம்தான் கழற்றுவது. வெயிலில் நிற்காதவன் கொள்கைக்காக, நிற்பவருடைய நிழலைப் பறிக்கக் கூடாது.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், இந்தக் காரணத்துக்காக இல்லை. அம்மா இன்னும் அதே நிறுத்தத்தில்தான் ஏறுகிறார். போன மாதம் கூடப் போய் நின்றேன். ஒன்பதே முக்காலுக்கு எனக்கு முன்னால் நான்கு பேர் கம்பத்தின் நிழலில் நின்றார்கள். வெயில் நகர நகர, யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோரும் சேர்ந்து அரை அடி தள்ளி நின்றோம்.